கூடையில் கை வைத்தது யார்

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை. அணில் காகத்தை நம்பாது. காகம் குரங்கை நம்பாது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறும்போது, ஒன்று மட்டும் முருங்கைக் கிளையில் உட்கார்ந்து கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கும். என் அம்மா சித்தியை நம்ப மாட்டாள். போன கோடையில் நான் இவர்கள் எல்லாரையுமே சந்தேகப்பட்டுக்கொண்டு அந்தப் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே பிரியும் சந்தில் இருக்கிறது வீடு. பக்கத்து வீடு சித்தப்பாவுடையது. சித்தப்பா ஊருக்குள் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முன்வாசல் இரண்டு, பின்பக்கம் ஒன்று. நடுவில் கிளுவை வேலி உண்டு. ஆனால் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அதில் ஓர் இடைவெளி. அதை யாரும் வெட்டவில்லை, குழம்புக் கிண்ணத்தோடு போய் வந்த கால்கள் உண்டாக்கிய வழி அது. எங்கள் பக்கம் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, குளியல் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை, துவைக்கிற கல், மூலையில் தகரக் கூரை போட்ட விறகுக் கொட்டகை. அவ்வளவுதான் தோட்டம்.

நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. விலங்கியல் படித்தவள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் படி ஏறித் தேர்வு எழுதிய முதல் கை என்னுடையது. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது, இன்னும் இரண்டு தடவைகூடச் சொல்வேன். கோடை விடுமுறையில் காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, யார் யார் குடிக்க வருகிறார்கள் என்று பார்ப்பது என் வேலையாக இருந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“இவ்ளோ படிச்சிட்டு காக்காவ பாத்துக்கினு குந்தினு இருக்கா. காக்காவ பாக்கறதுக்கு காலேஜ் எதுக்குடி? நான் படிக்காமயே பாக்கறேனே.”

சித்திக்கும் பிடிக்கவில்லை. வேலிப் பக்கமே நான் பார்த்துக்கொண்டிருந்ததால், அவள் துணி காயப்போட வரும்போதெல்லாம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “இன்னாம்மா போலீஸு, எங்க வூட்ல எதுனா காணாம போச்சா?” என்பாள். காணாமல் போனது எங்கள் வீட்டில்தான் என்று அப்போது அவளிடம் நான் சொல்லவில்லை.

காணாமல் போனவை முட்டைகள்.

அம்மாவின் சிவப்புக் கோழி அந்தக் கோடையில் அடைக்கு உட்கார்ந்தது. வெயிலில் அடை வைத்தால் பாதி கூமுட்டை ஆகும் என்று அப்பா சொன்னார். அம்மா கேட்கவில்லை. ஒரு மூங்கில் கூடையில் மணல் பரப்பி, ஒற்றைப்படையாக முட்டைகளை எண்ணி வைத்தாள். கோடை இடிக்கு முட்டை கெட்டுப்போகாமல் இருக்க, உடைந்த அரிவாள் துண்டு ஒன்றையும் ஒரு கரித்துண்டையும் ஓரத்தில் போட்டாள். பிறகு அதே கரியால் ஒவ்வொரு முட்டையிலும் ஒரு கோடு இழுத்தாள். கோழி அடையில் இருக்கும்போதே வேறு கோழி வந்து புது முட்டை இட்டுவிட்டுப் போனால் அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்காக. கூடை விறகுக் கொட்டகைக்குள் போனது.

அடை வைத்த சில நாட்களிலேயே ஒன்று குறைந்தது. அடுத்து இன்னொன்று. அம்மா குனிந்து கொட்டகை முழுக்கத் தேடினாள்.

“ஓடு எங்கடி?” என்று என்னைக் கேட்டாள்.

“என்ன ஓடு?”

“முட்டை ஓடு. துன்னது எதுவா இருந்தாலும் ஓட்ட போட்டுட்டு தானே போவும்? ஓடும் இல்ல, மஞ்சக்கருவும் இல்ல. எறும்புகூட வர்ல. கையால எடுத்தாதான் இப்பிடி போவும்.”

சொல்லிவிட்டு வேலி இடைவெளியைத் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு வீட்டுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. முருங்கையின் ஒரு கிளை சித்தி வீட்டு ஓட்டின்மேல் சாய்ந்திருந்தது. அதை அவள் கேட்காமல் வெட்டிவிட்டாள். அம்மா காரமுள்ளை வெட்டி வந்து அந்த இடைவெளியை அடைத்தாள். பாதி வருடம் பேச்சு இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குப் புடவை மடிப்பு எடுத்துக் குத்திவிட்டவள் சித்தி. அதற்காக நான் தெருவைச் சுற்றிக்கொண்டு, திருட்டுத்தனமாக அவள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் தீபம் ஏறிய நொடியில், இரண்டு பேரும் எங்கள் மொட்டைமாடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்டார்கள். “நல்லா தெரியுதுக்கா” என்று சித்தி சொன்னாள். “தெரியுது, தெரியுது” என்றாள் அம்மா. மறுநாள் முள் அகற்றப்பட்டது. அந்த வழி திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

மூன்றாவது முட்டையும் போனபோது அம்மா முடிவு செய்துவிட்டாள். “வெள்ளிக்கெழம வெளக்கு வெக்கற நேரத்துல சூடம் ஏத்தறேன். மலைய பாத்து சத்தியம் பண்ணி அணைக்கட்டும்.”

எங்கள் வீட்டில் சூடத்துக்குப் பஞ்சம் கிடையாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் அம்மா விற்பதே சூடமும் ஊதுவத்தியும்தான். ஆனால் ஒரு வீட்டுக்காரி இன்னொரு வீட்டுக்காரியைச் சூடம் அணைக்கச் சொன்னால், சொன்னவள் பக்கம் தப்பு என்று தெரிந்தாலும் சரி, அணைத்தவள் பக்கம் தெரிந்தாலும் சரி, அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே தண்ணீர்ச் சொம்பு நகராது. எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு வீடுகள் இருக்கின்றன. சாவுக்குக்கூட வாசலோடு நின்றுவிட்டுப் போவார்கள். முள் என்றால் எடுத்துப் போட்டுவிடலாம். இதை எடுக்க முடியாது.

வெள்ளிக்கிழமைக்குள் திருடனைக் கண்டுபிடித்தாக வேண்டும். அது சித்தியாக இருக்கக் கூடாது. பெயின்ட் வாளியைக் கொட்டகை தெரியும் பக்கம் திருப்பிப் போட்டேன்.

சந்தேகத்தோடு பார்த்தால் பின்பக்கம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. வேலிக்கடியில் செம்போத்து ஒன்று நடந்து போவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். சிவந்த கண்ணும் கனத்த வாலுமாக, பறக்கத் தெரிந்தும் நடந்தே போகிற அதன் நடையில் அன்றைக்குக் களவு தெரிந்தது. அது குருவி முட்டை குடிக்கும், கோழி முட்டையைத் தூக்காது. சாக்கடை வழியாக வரும் கீரி, தலையை நீட்டி நின்று என்னை ஒரு முறை அளந்துவிட்டுப் போனது. கீரி என்றால் முட்டையைக் கல்லில் மோதி உடைத்து அங்கேயே குடித்திருக்கும், ஓடு கிடக்கும். மலையில் தண்ணீர் வற்றிப் போனதால் குரங்குகள் இறங்கி வந்து என் மண்சட்டியைக் கவிழ்த்துவிட்டு, கொய்யாப் பிஞ்சைக் கடித்துக் கடித்து எறிந்தன. அவற்றுக்கு வெட்கம் கிடையாது, மதில்மேல் உட்கார்ந்து என் கண்ணெதிரிலேயே தின்று ஓட்டை என்மேல் போடும். காகம் வந்தால் கோழி சும்மா விடாது. ஓணான் மட்டும் கம்பத்தில் ஒட்டிக்கொண்டு ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டிக்கொண்டிருந்தது. யார் மேல் ‘ஆமாம்’ என்று தெரியவில்லை. ஒவ்வொருவராக விடுதலை செய்துகொண்டே வந்தேன். விடுதலை செய்யச் செய்ய, மிச்சம் நின்றது மனிதக் கைதான்.

அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை கூடையை விட்டு இறங்கும். வெயில் ஏறிய பிறகு இறங்கி, அவசர அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, வாழையடியில் மண்ணைப் பறித்துக் குளித்துவிட்டுத் திரும்பும். அந்த நேரத்தில் அம்மா உள்ளே மின்விசிறிக்கடியில் கண் அயர்ந்திருப்பாள். ஒருநாள் நானும் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டுப் பின்கதவுக்கு வந்தபோது, சித்தி வேலி இடைவெளியில் நுழைவதைப் பார்த்தேன். கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். கொட்டகைக்குள் குனிந்தாள். கூடைக்குள் கை போனது. பிறகு வந்த வழியே போய்விட்டாள்.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் கூடையை எண்ணிய அம்மா நிமிர்ந்து, “இன்னாடி இது?” என்றாள். “நேத்து கம்மியா இருந்திச்சி, இன்னிக்கு சரியா கீது.”

நான் கோழியின் கொத்தை வாங்கிக்கொண்டு முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மூன்று முட்டைகளில் கரிக்கோடு இல்லை.

திருடியவள் திருப்பி வைத்துவிட்டாள் என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அம்மாவுக்கு அது ஒரு நொடிகூட நிற்கவில்லை. சந்தேகத்துக்கு அவள் மூளை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

“மாத்திக்கினு போறா! புரியுதா உனக்கு? அவ வூட்ல சேவலே கெடையாது. சேவல் மிதிக்காத முட்டைய இங்க வெச்சிட்டு, நம்ம நல்ல முட்டைய தூக்கிக்கினு போயி அவ கோழிக்கு அடை வெச்சிகிறா. எங்கிட்ட கூமுட்டை, அவகிட்ட குஞ்சு. எடுத்தாகூட வுட்டுருவேன். இது அதவிட ஜாஸ்தி!”

படித்த எனக்கு அதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை வாளியில் உட்காரவில்லை. கொட்டகைக்கு நேரே இருக்கும் குளியல் மறைப்பின் கீற்றுக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோழி இறங்கியது, வாழையடிக்குப் போனது. கொஞ்ச நேரத்தில், சருகைக் கிளறிக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகள் எல்லாம் ஒரே சமயத்தில் கத்த ஆரம்பித்தன. சித்தி வருகிறாள் என்று வேலியைப் பார்த்தேன். வேலியில் யாரும் இல்லை. விறகு அடுக்கு அசைந்தது.

விறகுக்குள்ளிருந்து வந்தது, வந்துகொண்டே இருந்தது. வெளிர்பழுப்பு உடம்பு, வால் பக்கம் கறுப்புக் கட்டம், பெரிய கண், உதட்டோரம் மை தீட்டியது போல் கோடுகள். சாரை. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அது கூடையின் விளிம்பில் தாடையை வைத்து, நாக்கை நீட்டி நீட்டி, எந்த அவசரமும் இல்லாமல் ஒரு முட்டையைக் கவ்வியது. வாய் கையுறை மாதிரி விரிந்து முட்டையின் மேல் ஏறியது. கரிக்கோடு கடைசியாக ஒரு தடவை தெரிந்து உள்ளே போனது. ஓடு எங்கே என்றால் இங்கே. நான் போனை அழுத்தினேன். இடம் இல்லை, எதையாவது அழி என்று வந்தது.

நிமிர்ந்தபோது சித்தி வேலி இடைவெளியில் நின்றுகொண்டிருந்தாள். கத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள். சாரை தொண்டையில் ஒரு வீக்கத்தோடு மதில் ஓரமாகப் போய் மறைந்தது. அதற்குப் பிறகு அவள் நிதானமாக வந்து, முந்தானைக்குள்ளிருந்து ஒரு முட்டையை எடுத்துக் கூடையில் வைத்தாள்.

நான் கீற்றை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

“அய்யோ!” என்று நெஞ்சில் கை வைத்தாள். பாம்புக்குப் பயப்படாதவள் என்னைப் பார்த்துத்தான் பயந்தாள். “மறப்புல நின்னு இன்னாடி பண்ற?”

“நீங்க என்ன சித்தி பண்றீங்க?”

“பாத்துட்ட இல்ல. அப்பறம் இன்னா கேள்வி?” குரலைத் தாழ்த்தினாள். “அது முழுங்கறத ஒவ்வொரு தபாவும் வேலியாண்டருந்து பாத்துட்டேன். முட்டை கொறஞ்சா அக்கா யார சொல்லுவாங்க? என்னியதான். அதான் எங்க வூட்டு முட்டைய வெச்சி சரி பண்றேன்.”

“பாம்புன்னு சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா உங்கப்பனும் சித்தப்பனும் தடியோட வருவாங்க. புத்துக்கு பால் ஊத்தி, முட்டை வெச்சி, ஏழு வருசம் கழிச்சி புள்ள பெத்தவ நானு. என் வாயால காட்டிக் குடுக்க மாட்டேன். நீயும் குடுக்காத.”

“அம்மா நாளைக்குச் சூடம் ஏத்தப்போறா சித்தி. உங்களுக்குத்தான்.”

அவள் முகம் ஒரு நிமிடம் சுருங்கியது. பிறகு சிரித்தாள். “ஏத்தட்டும். நான் எடுக்கலியே. அணைச்சிட்டு போறேன். சூடம் இன்னா என்னிய கடிச்சிடுமா?”

முட்டையில் கரியால் கோடு போட்டிருந்தோம் என்று சொன்னேன். “கோடா? எங்கம்மா வூட்ல கரித்துண்டு போடுவாங்க, கோடெல்லாம் போட மாட்டாங்களே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம். துவைக்கிற கல்மேல் பித்தளைத் தட்டு, அதில் சூடம். அப்பா பின்கதவில் சாய்ந்து நின்றார். “இதெல்லாம் தேவையா?” என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, தன் கடமை முடிந்தது போல் வாயை மூடிக்கொண்டார். சித்தி தலைக்குக் குளித்து ஈர முடிச்சோடு வந்து நின்றாள். முருங்கைக்கு மேலே மலை கறுத்துக்கொண்டிருந்தது.

அம்மா சூடத்தை ஏற்றினாள். “மலைய பாத்து சொல்லு. ‘உங்க கூடைல நான் கை வெக்கல’ன்னு சொல்லி அணை.”

சித்தி கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

எங்கள் பேச்சில் கை வைப்பது என்றால் திருடுவது. அம்மா கேட்டது அதைத்தான். ஆனால் சித்தி நிஜமாகவே அந்தக் கூடையில் கை வைத்திருந்தாள், அதுவும் இரண்டு தடவை. ‘எடுக்கல’ என்று சொல்லச் சொல்லியிருந்தால் பட்டென்று அணைத்திருப்பாள். ‘கை வெக்கல’ என்று அந்த மலைக்கு முன்னால் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சூடம் எரிந்துகொண்டிருந்தது.

“பாத்தீங்களா?” என்று அம்மா அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். “வாய் வருதா பாருங்க. நான் சொன்னப்போ எவனாவது நம்பினீங்களா?”

“அக்கா, வேற மாதிரி கேளுங்கக்கா,” என்றாள் சித்தி.

“வேற மாதிரின்னா? உனக்கு தோதா கேக்கணுமா?”

சித்தி என்னைப் பார்த்தாள். காப்பாற்று என்கிற பார்வை இல்லை அது. வாயைத் திறக்காதே என்கிற பார்வை. எனக்குத் தெரிந்தது எல்லாம், இந்தச் சூடம் தானாக எரிந்து முடிந்தால் அந்த வேலி முடிந்தது என்பதுதான். நான் ஓர் எட்டு வைத்து உள்ளங்கையால் தட்டில் அடித்துச் சூடத்தை அணைத்தேன். சுரீரென்றது.

“நான் சத்தியம் பண்றேன். சித்தி கூடைல கை வெச்சாங்க. நானே பாத்தேன். முட்டை எடுக்க இல்ல, வெக்க. கொறஞ்சதுக்கு அவங்க வூட்டு முட்டைய கொண்டாந்து வெச்சாங்க, நீ சண்டை போடுவேன்னு.”

சூடப் புகை மூக்கில் ஏறியது.

“அப்போ எடுத்தது யாரு?” என்று அம்மா கேட்டாள். நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டோம். “பூச்சி,” என்றேன். “நீளமான பூச்சி. விறகுல இருக்கு. முழுசா முழுங்கும். ஓடு கிடைக்காது.”

அம்மா சட்டென்று புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு துவைக்கிற கல்மேல் ஏறினாள். அப்பா மூலையில் இருந்த துரட்டிக் கழியை எடுத்தார்.

“இன்னா பூச்சி? நல்லதா?”

“சாரைப்பா. விஷம் கிடையாது. எலி பிடிக்கும்.”

“சாரை இருந்தா அதும் ஜோடி நல்லது பக்கத்துலயே இருக்கும்,” என்றார்.

“சாரைக்கு ஜோடி சாரைதான். இது தப்பு. நான் படிச்சிருக்கேன்.”

“அதுக்குதான் காலேஜ் போனியா, பூச்சிக்கு கல்யாணம் பண்ணி வெக்க?” என்று கல்மேலிருந்தபடியே அம்மா கத்தினாள். அப்பா கழியோடு கொட்டகைப் பக்கம் போக, அதே குரலில் அவரையும் அதட்டினாள். “கழிய கீழ போடுங்க! வெள்ளிக்கெழம, வெளக்கு வெச்சி, சூடம் ஏத்தின எடத்துல அத அடிப்பீங்களா? அவளுக்கு புள்ள குடுத்தது அது.”

சித்தி அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே என் தோளில் ஓர் அடி வைத்தாள். “சொல்லாதன்னு சொன்னேன் இல்ல உன்ன?”

கூடை அன்றே சமையலறை மூலைக்குப் போனது. மறுநாள் விறகை வெளியே எடுத்து அடுக்கினோம். அங்கே எலிப்பொந்துகளும் உரித்துப் போட்ட ஒரு பழைய சட்டையும் இருந்தன. அதன் சொந்தக்காரர் இல்லை. அம்மா ஒருபோதும் சித்தியிடம் ‘தப்பு என் பேர்ல’ என்று சொல்லவில்லை. தட்டைத் துலக்கிக் கவிழ்த்ததோடு சரி. ஆனால் அந்த வழியில் முள்ளும் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு குழம்புக் கிண்ணம் போய் வேறு குழம்போடு திரும்பியது. அதை அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொண்டாள்.

கரிக்கோடு போட்ட முட்டைகள் முதலில் பொரிந்தன. அந்தக் குஞ்சுகளை வேறு கூடையில் கவிழ்த்துவிட்டு, கோடில்லாத முட்டைகளின்மேல் கோழியை இன்னும் சில நாள் உட்கார வைத்தோம். அவை பொரியாது என்று அம்மா ஒவ்வொரு காலையும் அறிவித்தாள். ஒன்றைத் தவிர எல்லாம் பொரிந்தன. அந்த ஒன்றைக் காதோரம் ஆட்டிப் பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் காட்டினாள்.

“பாத்தியாடி? களகளன்னுது. சேவல் இல்லாத வூட்டு முட்டை.”

சித்தி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே நிமிர்ந்தாள். “மத்ததெல்லாம் பொரிஞ்சிதே அக்கா. அதுங்களுக்கு அப்பன் யாரு?”

“யாரு?”

“மத்தியானம் ஆனா உங்க சேவல் எங்க வந்து நிக்குதுன்னு உங்க போலீஸ கேளுங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். உள்ளங்கையில் சூட்டுத் தழும்போடு வாளிமேல் உட்கார்ந்திருந்த நான், ஓணானைப் போலத் தலையாட்டினேன்.

“அப்பிடின்னா அதுங்களும் என்னுதுதான்,” என்றாள் அம்மா.

“எடுத்துக்கோங்க. தீனியும் நீங்களே போடுங்க.”

அம்மா அந்தக் கூமுட்டையை இன்னொரு தடவை காதோரம் ஆட்டிக்கொண்டிருந்தபோது, சேவல் எங்கள் மூன்று பேரையும் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, வேலி இடைவெளி வழியாக நடந்து அந்தப் பக்கம் போனது.